ஊசிக்குப் பிந்தைய முப்பது நாள்

2022 செப்டம்பர் 1 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஜி. அருண் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. தடுப்பூசியின் பின்விளைவால் நேர்ந்த இறப்புகளைக் கண்டறியவும், இறந்தவரை நம்பியிருந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் மூன்று மாதத்துக்குள் வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அவர் ஆணையிட்டார். இதுபோன்ற வழக்குகள் குறைந்தது மூன்று தம் முன்னால் வந்திருப்பதை உத்தரவிலேயே குறிப்பிட்டார். எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் கொள்கை வகுக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பது அவர் கண்ட முடிவு. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த உத்தரவு தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கண்டறிவதைப் பற்றிப் பேசியது. அந்த வரிசை சரியானது. எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி வரை பெரும்பாலான குடும்பங்கள் போய்ச் சேர்வதே இல்லை. ஊசிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பாய் என்ற வாசலிலேயே அவர்கள் நின்றுவிடுகிறார்கள். நிரூபிக்கத் தேவையான பொருள் எது, அது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளில் அழிந்துபோகிறது என்று பார்த்தால், தவறு அந்தக் குடும்பங்கள் பக்கம் இல்லை என்பது விளங்கும்.

குன்னத்துகால் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் எல்லைப்புறம் இது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் நோய்வாய்ப்பட்டவர் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பக்கத்தில் காரக்கோணத்தில் சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முற்றினால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. களியக்காவிளையைத் தாண்டினால் மார்த்தாண்டம், குழித்துறை, அதற்கும் அப்பால் ஆசாரிபள்ளம். வேலை மார்த்தாண்டத்தில் என்பதால் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு, மூன்றாம் வாரம் தலைவலியும் வாந்தியுமாகக் காரக்கோணத்தில் சேர்க்கப்பட்டு, திருவனந்தபுரத்தில் இறந்துபோகும் ஒருவரைக் கற்பனை செய்வது கடினமில்லை. அவருடைய ஊசியின் பதிவு ஒரு மாநிலத்தில், நோயின் பதிவு இன்னொரு மாநிலத்தில். முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட் தனியார் அலமாரியில், இறப்பின் காகிதம் அரசுக் கல்லூரியில். இவற்றையெல்லாம் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டியவர் யார்? நடைமுறையில் அது துக்க வீட்டிலிருந்து எழுந்துவந்த மனைவியாகவோ மகனாகவோ இருக்கிறது.

அந்தக் கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? எந்த நாளில், எந்த மையத்தில், எந்த பேட்ச் எண் கொண்ட மருந்து போடப்பட்டது என்பது முதல் காகிதம். கோவின் சான்றிதழில் தேதியும் பேட்ச் எண்ணும் உண்டு. அந்த அளவுக்கு கோவிட் ஊசி போட்டவர்களுக்கு வசதி. அடுத்து, முதல் அறிகுறி எந்த நாளில் தொடங்கியது என்று ஒரு மருத்துவர் தம் கையால் எழுதிய குறிப்பு. பிறகு சோதனை முடிவுகள். இறந்திருந்தால் உடற்கூறாய்வு அறிக்கை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு காரணம் இல்லை என்று காட்டும் சான்று. இல்லாத ஒன்றை நிரூபிக்கச் சொல்வது எப்போதும் கடினம். உடற்கூறாய்வு செய்யாமல் அடக்கம் செய்துவிட்டால் அது அநேகமாக முடியாத காரியம். ‘இருதய அடைப்பு’ என்று சான்றிதழில் எழுதித் தந்ததை வாங்கிக்கொண்டு உடலை வீட்டுக்குக் கொண்டுபோன குடும்பத்திடம், ஆறு மாதம் கழித்து அந்த அடைப்பு எதனால் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

அரசிடம் இதற்கென ஓர் ஏற்பாடு இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதக நிகழ்வுகளைக் கண்காணிக்கும் அமைப்பு 1980களிலிருந்து இயங்குகிறது. தேசியக் குழு 2008-இல் அமைந்தது. இறப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோய், நிலைத்த ஊனம் ஆகியவை கடுமையான நிகழ்வுகள். அப்படி ஒன்று நேர்ந்தால் மருத்துவ அலுவலர் 24 மணிநேரத்துக்குள் மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்; கேரளத்தில் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆர்சிஎச் (இனப்பெருக்க, குழந்தை நல) அலுவலருடையது. முதல் அறிக்கைப் படிவம், பிறகு விசாரணைப் படிவம், பிறகு மாநிலக் குழு, தேசியக் குழு என்று அது மேலே போகும். பயன்படுத்திய மருந்துக் குப்பிகளைக் கிட்டத்தட்ட இரண்டு நாள் வைத்திருந்துதான் அழிக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் மாதிரி கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்குப் போகும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் யாராவது முதல் படிவத்தை நிரப்பினால்தான் இதில் எதுவும் நகரும். மருத்துவமனை மருத்துவருக்கு ஊசி பற்றிக் கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் மூன்றாம் நாள் குப்பி போய்விடும்; உடல் போய்விடும்; இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையைக் கண்டது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்ற பகுதிதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதே தீர்ப்பில், பாதக நிகழ்வுகளைத் தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவுசெய்ய ஓர் இணைய வழி வேண்டும், தனிப்பட்ட விவரங்கள் வெளிவராமல் அந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்றும் நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் உத்தரவிட்டார்கள். இழப்பீடு கேட்கும் குடும்பத்துக்கு முதல் பகுதியைவிட இரண்டாம் பகுதிதான் உயிர்நாடி.

படிவம் மேலே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். குழு என்ன செய்கிறது? உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வகையில் சேர்க்கிறது. மருந்தின் தன்மையால் நேர்ந்தது, மருந்தின் தரக் குறையால் நேர்ந்தது, போட்ட முறையில் நேர்ந்த பிழை, பதற்றத்தால் நேர்ந்தது என்பவை ஒரு பக்கம். தற்செயல் என்பது எதிர்ப்பக்கம். நடுவில் ‘தீர்மானிக்க முடியாதது’ என்று ஒரு வகை. தகவல் போதாததால் ‘வகைப்படுத்த இயலாதது’ என்று இன்னொன்று. 2021 ஜூனில் வெளியான முதல் அறிக்கையில் 31 நிகழ்வுகள் ஆராயப்பட்டிருந்தன. 18 தற்செயல், 7 தீர்மானிக்க முடியாதவை, 3 மருந்தோடு தொடர்புடையவை, 1 பதற்றம் சார்ந்தது, 2 வகைப்படுத்த இயலாதவை. 2021 மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்டு கடும் ஒவ்வாமையால் இறந்த 68 வயது முதியவரின் மரணம், தடுப்பூசியால் நேர்ந்தது என்று இந்திய அரசு ஏற்றுக்கொண்ட முதல் கோவிட் ஊசி மரணமானது. ஊசி போட்ட சற்று நேரத்தில் நேரும் ஒவ்வாமையைப் பற்றி யாருக்கும் குழப்பம் இருக்காது. அந்த 7 குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். காலம் பொருந்துகிறது, ஆனால் இந்த மருந்து இந்த நோயை உண்டாக்கும் என்று அறிவியல் இன்னும் உறுதி செய்யவில்லை என்பதே பெரும்பாலும் இந்த வகையின் பொருள். புதிய மருந்து ஒன்றின் முதல் பாதிப்பாளர்கள் எப்போதும் இந்த வகையில்தான் விழுவார்கள். அவர்களுக்கு முன்னால் வேறு யாரும் பாதிக்கப்பட்டதாகப் பதிவு இருந்திருக்க முடியாதே.

இந்தச் சிக்கல் கோவிட்டுக்கு முன்பே இருந்தது. குழந்தைகளுக்கான பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதன்முதலில் அறிமுகமானது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான், 2011 டிசம்பரில். அதன் பிறகு பதிவான குழந்தை இறப்புகளை எப்படி வகைப்படுத்துவது என்பது நீண்ட சர்ச்சையானது. இலங்கை 2008-இல் அதே ஊசியை நிறுத்திவைத்து 2010-இல் மீண்டும் தொடங்கியது. திருத்தப்பட்ட வகைப்பாட்டு முறை உண்மையான எச்சரிக்கைகளைக் கூட ஓரங்கட்டிவிடும் என்று, மேலே சொன்ன வழக்கைத் தொடுத்த குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் மருத்துவ இதழ்களில் எழுதினார். அவருடைய எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. தடுப்பூசியால் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அந்த ஊசியையே சந்தேகிப்பது நியாயமாகாது. ஆனால் ஒரு திட்டத்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கப் பயன்படும் அளவுகோலை, ஒரு விதவைக்கு உதவலாமா என்று முடிவெடுக்கவும் பயன்படுத்தக் கூடாது என்ற இடத்தில் அவருடைய விமர்சனம் வலுவாக நிற்கிறது. முதலாவதற்கு உறுதியான சான்று வேண்டும். இரண்டாவதற்கு, சிவில் நீதிமன்றம் கேட்பதைப் போல, இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்ற மேலான சாத்தியம் போதும்.

சான்றின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதற்கு கோவிஷீல்டு ஓர் உதாரணம். தட்டணுக்கள் குறைந்து, அதே நேரத்தில் இரத்தம் உறையும் அபூர்வ நோயை 2021 ஏப்ரலில் ஜெர்மனி, நார்வே ஆய்வாளர்கள் விவரித்தார்கள். 2021 மே 17 அன்று இந்திய சுகாதார அமைச்சகம், ஆராய்ந்த 498 கடும் நிகழ்வுகளில் 26 இரத்த உறைவாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. பத்து லட்சம் டோஸுக்கு 0.61. ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், விடாத தலைவலி தோன்றினால் தெரிவிக்கும்படி அறிவுறுத்தியது. அந்த நோயை நிரூபிக்கத் தட்டணு எண்ணிக்கை, டி-டைமர், பிஎஃப்4 எதிர்ப்பொருள் சோதனை ஆகியவை வேண்டும். கடைசிச் சோதனைக்கான இரத்தத்தை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன்பே எடுத்திருந்தால் நல்லது. 2021 மே மாதம் எப்படி இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. படுக்கையும் ஆக்சிஜனும் தேடிய அந்த நாட்களில், ஒரு தாலுகா மருத்துவமனையில் இந்தச் சோதனையை யார் நினைத்திருப்பார்கள்? பிரிட்டன் நீதிமன்றத்தில் 2024-இல், கோவிஷீல்டின் மூல நிறுவனமான அஸ்ட்ராஜெனெகா, மிக அபூர்வமாகத் தன் ஊசியால் இந்த நோய் வரக்கூடும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம், வழக்குக்கு உதவாது. பொதுவாக இந்த ஊசி இந்த நோயை உண்டாக்கும் என்பது அதனால் தெளிவாகிறது. இந்த மனிதருக்கு அந்த நோய்தான் வந்தது என்பதை அவருடைய இரத்தம் மட்டுமே சொல்ல முடியும்.

அரசு மனம் வைத்தால் இதையே எப்படிச் செய்ய முடியும் என்பதற்குப் போலியோ சாட்சி. வாய்வழிச் சொட்டு மருந்து மிக அபூர்வமாக வாதத்தை உண்டாக்கும். 1997 முதல் நாடெங்கும் திடீர்த் தளர்வாதம் கண்ட ஒவ்வொரு குழந்தையையும் தேடிப்போய்ப் பார்க்கும் கண்காணிப்பு ஏற்பட்டது. வாதம் தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணிநேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள். ஆய்வகத்தில் வைரஸ் காட்டு வகையா சொட்டு மருந்து வகையா என்று பிரித்தறிதல். 60 நாள் கழித்து வாதம் நிலைக்கிறதா என்று மீண்டும் பார்த்தல். குழந்தையின் பெற்றோர் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்தார், மாதிரி எடுத்தார், குளிர்ப்பெட்டியில் அனுப்பினார். சொட்டு மருந்தால் எத்தனை குழந்தைகளுக்கு வாதம் வந்தது என்று இந்திய ஆய்வாளர்களால் கணக்கிட முடிந்தது இதனால்தான். வேலூரின் டி. ஜேக்கப் ஜான் வளரும் நாடுகளின் பார்வையிலிருந்து இதை ஓர் அறக் கேள்வியாகத் தொடர்ந்து எழுப்பினார். சான்று கைக்கு வந்த பிறகும் அந்தக் குழந்தைகளுக்கெனத் தேசிய இழப்பீட்டுத் திட்டம் பிறக்கவில்லை என்பது இந்த வரலாற்றின் வேதனையான பகுதி. அதற்கும் முன்னால், ஆட்டு மூளையில் தயாரித்த பழைய வெறிநாய்க்கடி ஊசி சிலருக்கு நரம்பு வாதத்தை உண்டாக்கியது. 2004 இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

2022 நவம்பரில், மகள்களை இழந்த இரு பெற்றோர் தொடுத்த வழக்கில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்தது. 219.86 கோடி டோஸ்களில் 92,114 பாதக நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 2,782 கடுமையானவை, இறப்புகள் உட்பட. ஊசி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். அரசின் மீது நேரடிப் பொறுப்பைச் சுமத்த முடியாது. அலட்சியம் இருந்ததாகக் கருதுபவர்கள் சிவில் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ போகலாம் என்பது அப்போது அரசின் நிலை.

அந்த வழியில் நடந்து பார்ப்போம். குன்னத்துகால்காரர் அரசு ஆரோக்கிய மையத்தில் இலவசமாக ஊசி போட்டிருந்தால் அவர் நுகர்வோர் ஆக மாட்டார். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 மார்ச்சில் தனியார் மருத்துவமனையில் 250 ரூபாய் கொடுத்துப் போட்டிருந்தால் அவர் நுகர்வோர். ஒரே மருந்து, ஒரே பாதிப்பு. அந்த 250 ரூபாய் ரசீது மட்டும் ஒரு குடும்பத்துக்கு ஆணையத்தின் கதவைத் திறக்கிறது, அரசின் சொல்லை நம்பி அரசு மையத்தில் வரிசையில் நின்ற ஏழைக் குடும்பத்துக்கு அடைக்கிறது. இதை எப்படி நியாயம் என்று ஏற்பது? சிவில் நீதிமன்றத்துக்குப் போனாலோ, கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 104-ஆம் பிரிவு. அதுவும் யாரோ தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். மருந்து சுத்தமானது, செவிலியர் சரியாகப் போட்டார், மருத்துவர் கவனமாகப் பார்த்தார், ஆனாலும் லட்சத்தில் ஒருவருக்கு நேர்வது நேர்ந்தது என்றால், அங்கே குற்றவாளி யாரும் இல்லை. அலட்சியத்தைத் தேடும் சட்டத்தால் இந்த மனிதருக்கு எந்தப் பயனும் இல்லை.

சோதனைக் கட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தவருக்கு நிலைமை வேறு. 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் அவருக்கு இழப்பீட்டை உரிமையாக்குகின்றன. கடும் நிகழ்வை 24 மணிநேரத்தில் தெரிவிக்க வேண்டும். ஒழுங்குமுறை அதிகாரி காலக்கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து வயதையும் அபாய நிலையையும் கொண்டு தொகை கணக்கிட வேண்டும். பாதிப்புக்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவப்படும் வரை சிகிச்சைச் செலவையும் சோதனை நடத்துபவர் ஏற்க வேண்டும். இங்கே நிரூபிக்கும் சுமை கொஞ்சம் இடம் மாறியிருப்பதைக் கவனிக்கலாம். அதே மருந்து அவசர அனுமதி பெற்று ஊருக்குள் வந்த மறுநாள் இந்தப் பாதுகாப்பு முழுவதும் மறைந்துவிடுகிறது.

வெளிநாடுகள் இதை வெகுகாலம் முன்பே யோசித்தன. ஜெர்மனி 1961-இல், பிரிட்டன் 1979-இல் சட்டம் கொண்டுவந்தன. பிரிட்டனின் தொகை 1,20,000 பவுண்டு. ஆனால் 60 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலரை வெளியே நிறுத்துகிறது. அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு டோஸின் மீதும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி விதித்து நிதி சேர்க்கிறது. எந்த ஊசிக்குப் பின் எத்தனை நாளில் எந்த நோய் வந்தால் ஊசியே காரணம் என்று கொள்ளலாம் என ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அட்டவணையில் இல்லாத நோய்க்கு 2005-இன் ஆல்தென் தீர்ப்பு மூன்று படிகளை வைத்தது: மருத்துவரீதியாக ஏற்கத்தக்க ஒரு விளக்கம், காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும் பொருத்தமான தொடர், பொருந்தும் கால இடைவெளி. ஆய்விதழில் ஏற்கெனவே வெளியாகியிருக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. இரண்டுங்கெட்டான் நிலையில் பாதிக்கப்பட்டவர் பக்கம் சாய வேண்டும். அமெரிக்காவும் கோவிட் ஊசிகளை இந்தத் திட்டத்தில் சேர்க்காமல், ஒரே ஆண்டுக் காலக்கெடு கொண்ட வேறொரு கடுமையான திட்டத்தில் வைத்தது.

வெளிநாட்டு முறை நமக்கு ஒத்துவராது என்பார்கள். நம்முடைய முறைகளையே பார்ப்போம். கோவிட் சோதனையில் பாசிட்டிவ் வந்த 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்தாலும், அது கோவிட் மரணம் என்று 2021-இல் ஏற்கப்பட்டது. குடும்பத்துக்கு 50,000 ரூபாய். சான்றிதழில் வேறு காரணம் எழுதியிருந்தால் முறையிட ஒவ்வொரு மாவட்டத்திலும் குழு அமைந்தது. 2005 முதல் மத்திய அரசு நடத்தும் குடும்பக் கட்டுப்பாட்டு இழப்பீட்டுத் திட்டம் அதைவிட நெருக்கமான முன்னோடி. கருத்தடை அறுவைக்குப் பின் மருத்துவமனையிலோ, அங்கிருந்து திரும்பிய 7 நாளுக்குள்ளோ இறந்தால் 2 லட்சம், 8 முதல் 30 நாளுக்குள் என்றால் 50,000 என்று ஒரு கட்டத்தில் அது வகுத்திருந்தது. மருத்துவர் தவறு செய்தாரா என்று விதவையையோ கணவரையோ நிரூபிக்கச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, தவறு யாருடையது என்று கேட்காமலே மரணத்துக்கு 5 லட்சம் தருகிறது. நாட்களை எண்ணி அனுமானத்தின் பேரில் உதவுவது இந்திய அரசுக்குப் புதிதல்ல. பொதுநலனுக்காக ஒருவர் உடலில் அரசு தலையிட்டால் அதன் அபாயத்தை அரசே தாங்க வேண்டும் என்பதைக் கருத்தடை விஷயத்தில் அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. தடுப்பூசிக்கு மட்டும் மறுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கானவர்கள் ஊசி போட்டுக்கொண்டால், ஊசியே இல்லாவிட்டாலும் அடுத்த முப்பது நாளில் ஆயிரக்கணக்கானோர் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறந்திருப்பார்கள். எல்லாருக்கும் கொடுத்தால், ஊசி ஆளைக் கொல்லும் என்று அரசே ஒப்புக்கொண்டதாகிவிடும். மக்கள் ஊசிக்குப் பயப்படுவார்கள். முதல் பாதி உண்மை. அதனால்தான் வெறும் நாட்கணக்கு போதாது. நோயும் நாளும் சேர்ந்த அட்டவணை வேண்டும். மூன்று நாளுக்குள் ஒவ்வாமை, நான்கிலிருந்து முப்பது நாளுக்குள் தட்டணுக் குறைவோடு இரத்த உறைவு என்பதுபோல. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. திருவிதாங்கூரில் 1879-லேயே அரச பிரகடனம் அரசு ஊழியர், மாணவர், சிறைவாசிகளுக்கு அம்மைப்பால் வைப்பதைக் கட்டாயமாக்கியது. அந்த மண்ணின் வழிவந்த இந்த எல்லைக் கிராமங்கள் ஊசிக்குப் பழகியவை. 2008 ஏப்ரலில் திருவள்ளூரில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது தமிழகத்தில் தடுப்பூசிப் பணி தடுமாறியதையும் நாம் கண்டோம். அப்படி ஓர் இறப்பு நேர்ந்த ஊரில் அடுத்த வாரம் கதவைத் தட்ட வேண்டியவர் ஆஷா பணியாளர். பாதிக்கப்பட்ட வீட்டை அரசு கைவிடவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும்.

திட்டம் வரும்வரை ஒரு குடும்பம் செய்யக்கூடியவை சில. சந்தேகம் இருந்தால் உடற்கூறாய்வைக் கேட்க வேண்டும். அந்தத் துயரத்தின் நடுவே அது எவ்வளவு கொடுமையான கோரிக்கை என்று தெரிந்தே சொல்கிறேன். ஊசிக்குப் பின் நேர்ந்த நிகழ்வாகப் பதிவு செய்யும்படி ஆரோக்கிய மையத்துக்கும் மாவட்ட ஆர்சிஎச் அலுவலருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்க வேண்டும். நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணிநேரத்துக்குள் கொடுக்க மருத்துவர் கடமைப்பட்டவர். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. அவற்றை மூன்றாண்டு மட்டுமே வைத்திருந்தால் போதும் என்றும் அதே விதிமுறைகள் சொல்வதால் தாமதிக்கக் கூடாது. விசாரணைப் படிவத்தையும் குழுவின் வகைப்பாட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஒரு தரப்புக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அந்தத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு சொல்கிறது. குப்பியும் குளிர்ச்சங்கிலிப் பதிவும் விசாரணைக் கோப்பும் அரசின் கையில் இருக்கையில், அந்தப் பிரிவை வழக்கறிஞர்கள் அழுத்தமாக எடுத்துவைக்க வேண்டும்.

எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கு தொடுக்கலாம். ஊசி மார்த்தாண்டத்துத் தனியார் மருத்துவமனையில் போட்டதாயிருந்தாலும் குன்னத்துகால்காரர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை சில நூறு ரூபாய் என்பதால் கட்டணமும் இல்லை. ரிட் மனுவுக்கு, நிகழ்வின் ஒரு பகுதியாவது எங்கே நடந்ததோ அந்த எல்லைக்குரிய உயர் நீதிமன்றம் போதும். எர்ணாகுளமாகவும் இருக்கலாம், மதுரைக் கிளையாகவும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது காலக்கெடு. நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டுதான், 69-ஆம் பிரிவு. குழுவின் முடிவு வரட்டும் என்று காத்திருப்பதால் அந்தக் கடிகாரம் நின்றுவிடாது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். அப்போது காட்டுவதற்குக் கையில் இருக்க வேண்டியது, எந்த நாளில் எந்த அலுவலகத்தில் கோப்பைக் கேட்டோம், எத்தனை நாள் பதில் இல்லை என்று நாமே தேதியிட்டு வைத்த மனுவின் நகல்.